முத்திரை ஒட்டாத மடல்: தீவகத்துக்குப் படகு விடுவோருக்கு

யாழ்ப்பாணத்துத் தீவகத்துக்குச் சுற்றுலாப் படகு விடும் முதலாளிமாருக்கும், அவற்றை ஓட்டும் தம்பிமாருக்கும், அதற்கெல்லாம் அனுமதி எழுதும் கந்தோர்களில் இருக்கும் ஐயாமார் அம்மாமாருக்கும்,

வணக்கம்.

நான் தபால் திணைக்களத்தில் முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவள். அதில் ஏழு வருடம் நெடுந்தீவில். குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒரு கையில் அரிசிப் பையும் மறு கையில் குடையுமாகப் படகுக்குள் பாய்ந்து பழகிய கால்கள் என்னுடையவை. குமுதினியிலும் போயிருக்கிறேன், வடதாரகையிலும் போயிருக்கிறேன். (குமுதினி என்றால் நெடுந்தீவாருக்கு, அந்தப் படகில் வைத்துச் சனத்தை வெட்டிக் கொன்ற 1985 மே 15தான் முதலில் நினைவுக்கு வரும். அதை இந்த மடலுக்குள் இழுக்கப் போவதில்லை.) சோளகக் காற்று எழும்பிய நாட்களில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு மணித்தியாலத்தை எத்தனை தரம் கடந்திருப்பேனோ தெரியாது. அதனால் கடலைப் பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்க வரவில்லை. எடுத்தாலும் கேட்கமாட்டீர்கள்.

இரண்டு நாட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டிலும் பூநாரை வருகிறது.

முதல் நாள், 2024 தை மாதம். கனடாவிலிருந்து மகன் குடும்பம் வந்திருந்தது. பேத்திக்கு அப்போது பதினொரு வயது, பறவைப் பைத்தியம். யாழ்ப்பாணப் பட்டணக் கரையிலுள்ள பண்ணைக் கடலுக்குப் பூநாரை வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு ஒரு படகு பேசினோம். யாருடைய படகு என்று எழுதமாட்டேன். அன்றைக்கு அவர், வேறொரு நாளில் வேறொருவர், அவ்வளவுதான். படகில் பெரிய ஸ்பீக்கர் பெட்டி இருந்தது. உயிர்காப்பு அங்கிகள் கூரையோடு சேர்த்துக் கட்டியிருந்தன. அந்த முடிச்சை யாரும் ஒருநாளும் அவிழ்த்ததில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு. கிட்டப் போகப் போக அது மெல்ல ரோசா நிறமானது. எல்லாப் பறவைகளும் தலையைக் கவிழ்த்துச் சேற்றை அரித்து மேய்ந்துகொண்டிருந்தன. ஓட்டித் தம்பி திரும்பி, "அம்மா, கமராவை ரெடியா வைச்சிருங்கோ" என்றார். பிறகு இயந்திரத்தை முறுக்கி நேரே கூட்டத்துக்குள் விட்டார்.

முழுக்கூட்டமும் ஒன்றாக எழும்பியது. செட்டைகளுக்குள் இருக்கும் அந்தச் சிவப்பு அப்போதுதான் தெரியும். ஆகாயமே பற்றிக்கொண்டதுபோல இருந்தது. எல்லோரும் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன். பேத்தி மட்டும் தட்டவில்லை. "அப்பம்மா, அதுகள் சாப்பிட்டுக்கொண்டெல்லோ இருந்தது" என்றாள்.

இறங்கும்போது ஓட்டித் தம்பிக்கு மேலதிகமாக ஐந்நூறு ரூபாய் கொடுத்தோம். அந்த வேலையை இன்னொரு தரம் செய்யச் சொல்லி நாங்களே கூலி கொடுத்துவிட்டு வந்தோம் என்று இப்போது விளங்குகிறது.

இரண்டாவது நாள், அதே வருடம் ஒக்ரோபர். இடம் கலாபகோஸ் தீவுகள்.

உங்களில் சிலர் இந்த இடத்தில் சிரிப்பீர்கள். மகனின் டொலரில் உலகம் சுற்றிவிட்டு வந்து கிழவி எங்களுக்கு நியாயம் சொல்கிறாள் என்று. சிரியுங்கள், அது உண்மைதான். மகனுக்கு ஐம்பதாவது பிறந்தநாள், பேத்தி அப்பம்மா இல்லாமல் வரமாட்டேன் என்று நின்றாள், போனேன். செலவு எவ்வளவு என்று மகன் சொல்லவில்லை. மருமகள் சொன்னாள். என் ஓய்வூதியத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்த்து அன்றிரவு நித்திரை வரவில்லை.

கலாபகோஸ் தென் அமெரிக்காவின் எக்குவடோர் நாட்டுக்குச் சொந்தம். கரையிலிருந்து மேற்கே ஏறக்குறைய 1000 கிலோமீற்றர் தள்ளி, நடுக்கடலில் எரிமலைகள் கக்கிப் பிறந்த தீவுகள். எங்களுடையவை சுண்ணாம்புக்கல்லும் முருகைக்கல்லும். நெடுந்தீவில் வேலியே முருகைக்கல்லால்தான் கட்டியிருக்கும். அங்கே கால் வைக்கிற இடமெல்லாம் கறுப்புப் பாறை, இன்றைக்குத்தான் ஆறிய தார் மாதிரி. இசபெலா என்ற ஒரு தீவு மட்டும் யாழ் மாவட்டத்தைப் போல நாலு மடங்குக்கு மேல். 1835இல் டார்வின் அங்கே ஐந்து கிழமை நின்று பார்த்த குருவிகளும் ஆமைகளும் பிறகு அவரை என்ன எழுத வைத்தன என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள்.

படகில் ஏறுவதற்கு முன்பே அவர்களுடைய சட்டம் தொடங்கிவிட்டது. தலைநகர் கீற்றோவின் விமான நிலையத்தில் பைகளை ஊடுகதிரில் விட்டுப் பார்த்து, பூட்டி முத்திரை வைத்தார்கள். என் பையில் புழுக்கொடியல் ஒரு பக்கற். வேலணையில் வெயிலில் காயவைத்து, ரொறொன்ரோ சுங்கத்தையே தாண்டிய புழுக்கொடியல். உத்தியோகத்தர் ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தார், மணந்து பார்த்தார், மேலதிகாரியைக் கூப்பிட்டார். இது பனங்கிழங்கு, அவித்துக் காயவைத்தது, முளைக்காது என்று மகன் ஆங்கிலத்திலும் பேத்தி அரைகுறை ஸ்பானிஷிலும் சொல்லிப் பார்த்தார்கள். விடவில்லை. விமானம் இறங்குவதற்கு முன் தலைக்கு மேலுள்ள பெட்டிகளுக்கு மருந்தடித்தார்கள். பிறகு ஒவ்வொரு தீவிலும் இறங்கி ஏறும்போது கால் கழுவல், சப்பாத்துக் கழுவல். ஒரு தீவின் விதை இன்னொரு தீவுக்குப் போகக்கூடாதாம்.

அன்றைக்கு எனக்கு எரிச்சல்தான். பிறகு வழிகாட்டிப் பிள்ளை ஆடுகளின் கதையைச் சொன்னாள். பின்ற்றா என்ற தீவில் 1959இல் மீனவர்கள் மூன்று ஆடுகளை விட்டார்களாம். இறைச்சிக்கு உதவும் என்றுதான். பத்துப் பதினைந்து வருடத்தில் அவை நாற்பதாயிரம் ஆகித் தீவை மொட்டையடித்துவிட்டன. அந்தத் தீவின் ஆமை இனத்தில் கடைசியாக மிஞ்சியது ஒன்றே ஒன்று. ஜோர்ஜ் என்று பெயர் வைத்துத் துணை தேடித் தேடிப் பார்த்தார்கள். 2012 ஜூனில் அதுவும் செத்தது, அதோடு அந்த இனமே முடிந்தது. எனக்கு எங்கள் பார்த்தீனியச் செடி நினைவுக்கு வந்தது. இந்திய இராணுவம் இறைச்சிக்குக் கொண்டுவந்த ஆடுகளோடு வந்த விதை என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். எப்படி வந்ததோ, இன்றைக்கும் தோட்டங்களில் பிடுங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். புழுக்கொடியலை மன்னித்துவிட்டேன்.

எங்கள் கப்பலில் பதினாறு பேர். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது: ஒரு வழிகாட்டிக்குப் பதினாறு பேருக்கு மேல் கரைக்குக் கூட்டிப் போக முடியாது. பெரிய கப்பலென்றாலும் நூறு பயணிகளுக்கு மேல் ஏற்றக்கூடாது. வழிகாட்டி இல்லாமல் தேசியப் பூங்காவின் கரையில் இறங்கவே முடியாது. புதிதாக வழிகாட்டி ஆகிறவர் அந்தத் தீவுகளின் நிரந்தர வாசியாக இருக்க வேண்டும், பூங்காவின் அனுமதிப்பத்திரம் வைத்திருக்க வேண்டும். தலைநகரத்திலிருந்து ஆள் இறக்குகிற கதையே இல்லை.

தம்பிமாரே, நான் இந்த மடலை எழுதியதே இனிச் சொல்லப்போவதற்காகத்தான். ஒரு கடற்கரையில் கடற்சிங்கக் குட்டிகள் எங்கள் காலடியில் வந்து படுத்தன. இரண்டு மீற்றர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. குட்டி கிட்ட வந்தால் நாங்கள்தான் பின்னுக்குப் போக வேண்டும். நேரம் போனதே தெரியவில்லை. கூட வந்த ஒரு பெரிய மனிதர், இன்னும் ஒரு மணித்தியாலம் நிற்போம், தேவையானால் காசு தருகிறேன் என்று கப்டனிடம் கேட்டார். கப்டன் சிரித்துவிட்டு, இந்த நேரமும் இந்தக் கரையும் தன் கையில் இல்லை என்றார். எந்தக் கப்பல் எந்த நாளில் எந்தக் கரையில் எத்தனை மணிக்கு இறங்கும் என்பதைத் தேசியப் பூங்காதான் எழுதிக் கொடுக்கிறது. ஒரு கப்பல் ஒரு கரைக்குப் போய்வந்தால் பதினான்கு நாட்களுக்கு அங்கே திரும்பப் போக முடியாது. கப்பல் முதலாளியுடையது, டீசல் முதலாளியுடையது, பாதை மட்டும் முதலாளியுடையது இல்லை.

முதலாளிமாருக்கு இது பிடிக்காது என்று தெரியும். ஆனால் அங்கே போகிறவர்கள் கொட்டுகிற காசு எதற்காக என்று யோசித்துப் பாருங்கள். சாப்பாட்டுக்காக இல்லை. (சாப்பாடு பரவாயில்லை. உறைப்பு இல்லை.) பெர்னாண்டினா தீவில் கடல் உடும்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வெயில் காய்ந்துகொண்டு, பொடி போட்ட கிழவர்மாதிரி மூக்கால் உப்பைத் தும்மிக்கொண்டு கிடந்தன. நாங்கள் பக்கத்தால் நடந்தோம், ஒன்றுகூட அசையவில்லை. அந்த எரிமலை அதே வருடம் மார்ச்சில்தான் கக்கியிருந்தது. அதன் கீழே பறக்க மறந்த நீர்க்காகம் ஒன்று, எதற்கும் உதவாத குட்டைச் செட்டையை விரித்துக் காயவைத்தபடி எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. உலகத்தின் மறுகோடியிலிருந்து ஆட்கள் வருவது அந்தப் பயமின்மையைப் பார்க்கத்தான். அதைக் காப்பாற்றி வைத்திருப்பதால்தான் 2024 ஓகஸ்ட்டில் பூங்கா நுழைவுக் கட்டணத்தை நூறு டொலரிலிருந்து இருநூறாக்கிய பிறகும் சனம் வருகிறது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே பாதிக் கட்டணம். பேத்திக்கு மூன்று கிழமைக்கு முன்தான் பன்னிரண்டு முடிந்திருந்தது. மகன் முணுமுணுத்துக்கொண்டே முழுக்காசையும் கட்டினான்.

எங்கள் பூநாரைக்கு அந்தப் பயமின்மை இல்லை. நாங்கள் அதற்கு அதை விட்டுவைக்கவில்லை.

இந்தியாவின் கட்ச் உப்புவெளி போன்ற இடங்களில் முட்டையிடும் பறவை அது. இங்கே வருவது தின்று உடம்பு தேற்றத்தான். ஒவ்வொரு தரமும் துரத்தி எழுப்பும்போது, அது தின்று சேர்த்த பலத்தைத்தான் செலவழிக்க வைக்கிறோம். இரண்டு பருவம் இப்படித் துரத்தினால் மூன்றாம் பருவம் வேறு கடலைப் பார்த்துப் போய்விடும். அப்போது உங்கள் படகுக்கு யார் வருவார்கள்?

புளோரியானா தீவில் ஒரு சிறு களப்பில் பூநாரை பார்த்தோம். கலாபகோஸ் முழுவதிலும் இருப்பதே சில நூறுதானாம். நாங்கள் பார்த்தது பதினொன்று. பண்ணைக் கடலில் ஒரு மூலையில் நிற்கிற கூட்டத்துக்கே காணாது. பதினாறு பேரும் பாதையை விட்டு இறங்காமல், வாய் திறக்காமல் அரை மணித்தியாலம் நின்றோம். அவை மேய்ந்தபடியே எங்கள் பக்கம் வந்தன. கவிழ்ந்த அலகால் தண்ணீரை அரிக்கிற சத்தம், தேத்தண்ணியை உறிஞ்சுவதுபோல, காதுக்குக் கேட்டது. எழுபதை நெருங்குகிற வயதில், வருடாவருடம் பூநாரை வந்துபோகிற ஊரில் பிறந்தவள் அந்தச் சத்தத்தை முதல்முதலாக உலகத்தின் மறுபக்கத்தில் கேட்டேன். பேத்தி என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை.

அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வழிகாட்டிப் பிள்ளை ஒரு மீனவரின் மகள். ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தகப்பனைப் பற்றிக் கதைத்தாள். என்ன பிடித்தார் என்று கேட்டேன். கடலட்டை என்றாள். நான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கடலட்டை என்றால் எங்கள் கரையில் எத்தனை கூட்டம், எத்தனை ஆர்ப்பாட்டம், கடலட்டை வளர்க்கிற பண்ணைகளின் வேலிக்காக எத்தனை வாய்ச்சண்டை!

அங்கேயும் அதே கதை. 1994இல் மூன்று மாதத்துக்கென்று கடலட்டை பிடிக்க விட்டார்கள். அளவுக்கு மிஞ்சிப் பிடிபட்டதால் இடையிலேயே நிறுத்தினார்கள். 1995 தை மாதம், கோபம் கொண்ட மீனவர்கள் ஆமை வளர்க்கிற ஆராய்ச்சி நிலையத்தையே முற்றுகையிட்டார்கள். ஆமைக்கு இருக்கிற மரியாதை எங்களுக்கு இல்லையா என்பது அவர்களுடைய கேள்வி. நியாயமான கேள்வி. 1998இல் தனிச்சட்டம் ஒன்று வந்தது. தீவுகளைச் சுற்றி 40 கடல்மைல் காப்பகமானது. பெரிய தொழிற்கப்பல்கள் உள்ளே வரக்கூடாது, உள்ளூர்ச் சிறு மீனவர் மட்டும் தொழில் செய்யலாம், முடிவெடுக்கிற மேசையில் மீனவருக்கும் ஒரு கதிரை. அதற்குப் பிறகும் சண்டைகள் வந்தன. என்றாலும் அந்த மீனவரின் மகள் இன்றைக்கு வழிகாட்டி.

கந்தோர்களில் இருக்கும் ஐயாமாரே, அம்மாமாரே, கடலடியை வாரிக்கொண்டு போகிற இழுவைமடி வலையைத் தடைசெய்து 2017இல் எங்கள் நாட்டிலும் சட்டம் வந்தது. இந்தியப் பக்கத்து ரோலர் படகுகள் இரவில் வந்து எங்கள் வலையை அறுத்துக்கொண்டு போவது நிற்கவில்லை, அது வேறு கதை. நான் கேட்பது ஒன்றுதான். தீவகத்துக்குச் சுற்றுலாத் திட்டம் தீட்டுகிற கூட்டங்களில், அந்தக் கடலில் இரவுபகல் வலை போடுகிறவரை எங்கே உட்கார வைக்கிறீர்கள்? பின்வரிசையிலா, வாசலிலா? பறவை எந்தக் கிழமை எங்கே இறங்கும், எந்த நேரம் மேயும் என்று அவருக்குத் தெரிந்த அளவு உங்கள் ஆலோசகருக்குத் தெரியாது.

நெடுந்தீவின் கட்டாக்காலிக் குதிரைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நெடுந்தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக வர்த்தமானியில் வந்தது. குதிரைகள் வர்த்தமானி படிப்பதில்லை. வரட்சியில் தண்ணீரில்லாமல் செத்துக் கிடப்பதை ஏழு வருடத்தில் நானே எண்ணியிருக்கிறேன். இப்போது அதோடு சேர்த்து, செல்பி எடுக்கிறோம் என்று மோட்டார் சைக்கிளில் துரத்துகிறார்கள். குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துப் படம் எடுத்தவர்களையும் கண்டேன். வழிகாட்டிப் பிள்ளையிடம் குதிரைப் படத்தைக் காட்டினேன். வெளியே இருந்து கொண்டுவந்த விலங்குதானே, எங்கள் பூங்காவென்றால் இந்நேரம் சுட்டு முடித்திருப்பார்கள் என்றாள், சிரிக்காமல். எனக்குக் கோபம் வந்துவிட்டது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து நிற்கிற குதிரைக்கு இனி எந்த ஊர் சொந்தம்? அவர்களுடைய சட்டத்தை அப்படியே தூக்கி வந்து இங்கே நடச் சொல்லவில்லை. எங்களுக்கு எது வேண்டும் என்று நாங்கள்தான் கூடி யோசிக்க வேண்டும். குதிரைக்குத் தொட்டியும் தண்ணீரும் வேண்டும், அதற்கு யோசனைகூடத் தேவையில்லை.

வருகிற மாரிக்கு முன்பே செய்யக்கூடியவை சில இருக்கின்றன. பறவை மேய்கிற இடத்துக்குத் தூரத்திலேயே இயந்திரத்தை நிறுத்தித் தாங்குகோலால் போகலாம். எங்கள் கடல் முழங்கால் ஆழம், தாங்குகோல் உங்கள் பாட்டன் காலத்துப் பொருள். ஸ்பீக்கர் பெட்டியைக் கரையில் வைத்துவிட்டு வரலாம். எந்தப் படகு எந்தக் காலை எந்தப் பக்கம் என்று உங்களுக்குள்ளேயே ஒரு பட்டியல் போடலாம், முறைவைத்து வலை போடுகிற சனத்துக்கு அது புதிதா? நெடுந்தீவில் உயர்தரம் எழுதிவிட்டு வேலையில்லாமல் இறங்குதுறையில் குந்தியிருக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பெருக்கமரம் எங்கிருந்து வந்தது, கோட்டை எந்தக் கல்லில் கட்டியது, குதிரை ஏன் மேற்கே போகிறது என்று அதுகளுக்குத் தெரியும். யாழ்ப்பாணப் பட்டணத்திலிருந்து ஆள் கொண்டுவராமல், அதுகளுக்கு ஒரு பயிற்சியும் ஒரு அடையாள அட்டையும் கொடுங்கள். சுற்றுலாக்காரருக்குக் கபானாக் குடில் கட்டுகிற காசில் கால்வாசி போதும். உயிர்காப்பு அங்கியை அவிழ்த்துக் கீழே போடுங்கள், தயவுசெய்து.

போரில் இவ்வளவு இழந்த ஊர், நாலு காசு பார்க்கிற நேரத்தில் தடை போடுகிறாளே என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பெரிய மறுமொழி கிடையாது. அந்த ஓட்டித் தம்பிக்கும் இரண்டு பிள்ளைகள். அடுத்த தரம் அவர் படகை நிறுத்திவைத்து அரை மணித்தியாலம் எங்களைச் சும்மா இருக்கவைத்தால், ஐந்நூறில்லை, ஆயிரம் கொடுப்பேன். நான் மட்டுமில்லை, காசு கொடுத்துக் கேட்கிற எல்லாருமே அதைச் சொல்லிக் கேட்க வேண்டும். முதலில் திருந்த வேண்டியது படகுக்குள் இருக்கிற நாங்கள்.

கடைசியாக என் தொழில் சம்பந்தமான ஒரு விசயம். புளோரியானாவில் பூநாரை பார்த்த அதே நாள், தபால் கந்தோர்க் குடா என்ற இடத்தில் இறக்கினார்கள். திமிங்கிலம் பிடிக்கும் கப்பல்காரர் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய வழக்கமாம். ஒரு மரப்பீப்பாய் இருக்கும். கடிதத்தை அதில் போட்டுவிட்டுப் போக வேண்டும், முத்திரை இல்லை. அடுத்து வருகிறவர் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்து, தன் ஊர்ப்பக்கத்துக் கடிதம் இருந்தால் கொண்டுபோய்க் கையில் கொடுக்க வேண்டும். தபாலதிபரில்லாத தபால் கந்தோர்! கட்டை அவிழ்த்து விலாசம் பிரித்தபோது என் கை தானாகவே பழைய வேகத்தில் ஓடியது. ஸ்காபரோ விலாசத்தோடு ஒரு அட்டை கிடைத்தது, பேத்தி கதவு தட்டிக் கொடுத்துவிட்டாள்.

நானும் ஒரு அட்டை போட்டேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் விலாசம்: தபாலதிபர், நெடுந்தீவு. இன்றுவரை வரவில்லை. இலங்கைக்கு வருகிற யாராவது ஒருவர் அதை எடுத்து, கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வந்து, பண்ணையும் வாணர் பாலமும் தாண்டிக் குறிகட்டுவானுக்கு வர வேண்டும். கையில் ஆமைப் படம் போட்ட அட்டையோடு ஒரு வெள்ளைக்காரர் இறங்குதுறையில் முழித்துக்கொண்டு நின்றால், அவரிடம் படகுக்காசு வாங்காதீர்கள். என் கணக்கில் எழுதுங்கள், நான் வந்து தருகிறேன். வாடைக்காலமாக இருந்தால் போகிற வழியில் பூநாரையையும் காட்டுங்கள். தூரத்தில் நின்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருத்தி,
வேலணை.